ஒரு டிராக்டரா, நாலு மெஷினா? வட சென்னையிலிருந்து கழனி பார்ப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வீடு திருவொற்றியூரிலோ மாதவரத்திலோ இருக்கும். மீஞ்சூருக்கு அந்தப் பக்கமோ பொன்னேரி வழியிலோ அப்பா காலத்துக் கழனி ஐந்தாறு ஏக்கர் இருக்கும். வாரத்தில் ஆறு நாள் மணலியிலோ எண்ணூரிலோ வேலை, ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தால் வரப்பு. வட சென்னையில் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

டிராக்டர் வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் மூன்று வருடம் ஓடியது. "ஒரே ஒரு நல்ல வண்டியா வாங்கிப் போடு மாமா, உழவு, சேறு, லோடு எல்லாம் அதுலயே ஆச்சு" என்பான் மச்சான். எனக்கோ பவர் டில்லர் ஒன்று, களையெடுக்கும் மெஷின் ஒன்று, வைக்கோல் கட்டும் மெஷின் ஒன்று என்று தனித்தனியாக வாங்க ஆசை. பக்கத்துக் கழனிப் பெரியவர் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, "வாங்குறது பெரிசில்ல நைனா, அது சும்மா நிக்கிற நாளுக்கு வட்டிய யாரு கட்டுவா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கீழே உள்ள படிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஷோரூமில் வண்டியின் திறமையைச் சொல்வார்கள். உங்களுக்கு அது எந்த வாரம், எத்தனை மணி நேரம் தேவை என்பதை நீங்கள்தான் எழுதிக் கொண்டுபோக வேண்டும்.

முதல் படி: காலண்டரில் எழுதுங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம், அதாவது சாகுபடிப் பருவம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. மூன்றும் வைப்பவர் குறைவு. நாங்கள் சம்பாவும் நவரையும்தான். ஒரு தினசரி காலண்டரை எடுத்து, போன வருடம் எந்தத் தேதியில் எந்த வண்டி கழனிக்குள் இறங்கியது, எத்தனை மணி ஓடியது என்று எழுதுங்கள். வாடகைக்கு ஓட்டிய டிரைவரின் நோட்டுப் புத்தகத்தில் மணிக்கணக்கு இருக்கும், கேட்டால் காட்டுவார்.

எங்கள் களிமண்ணில் ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு பட்டத்தில் ஒன்பது கொழுக் கலப்பையால் இரண்டு சால், பிறகு தண்ணீர் விட்டு ரோட்டவேட்டர் என்ற சுழல் கலப்பையில் சேற்றுழவு, கடைசியாகச் சேற்றைச் சமப்படுத்தும் பரம்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகிறது. ஐந்து ஏக்கர், இரண்டு பட்டம் என்றால் வருடத்துக்கு 60 மணி நேரம். வருடம் முழுக்க டிராக்டர் தேவைப்படுவதுபோல் ஒரு பிரமை எனக்கும் இருந்தது. எழுதிப் பார்த்த பிறகுதான் பத்து நாள் வேலைகூட இல்லை என்று தெரிந்தது.

எழுதும்போது இன்னொன்றையும் பாருங்கள். எந்த வாரத்தில் இரண்டு வேலை முட்டிக்கொள்கிறது? எங்களுக்கு அது தை மாதம். ஒரு பக்கம் சம்பா அறுவடை, அறுத்த இடத்தில் வைக்கோல் கட்ட வேண்டும், மேட்டுப் பக்கத்துக் கழனியில் நவரைக்குச் சேறு அடிக்க வேண்டும். வைக்கோல் கட்டும் மெஷினும் டிராக்டரில் மாட்டித்தான் ஓடும், ரோட்டவேட்டரும் டிராக்டரில் மாட்டித்தான் ஓடும். ஒரு டிராக்டர் இரண்டையும் செய்யும், ஆனால் ஒரே நாளில் செய்யாது. சேற்றுக்கென்று மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றி மாட்டவே இரண்டு ஆளும் பாதிக் காலையும் போய்விடும். எல்லாம் செய்யும் வண்டி என்று வாங்குபவர்கள் இந்த மாற்றும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இரண்டாம் படி: நிற்கும் நாளுக்கான கணக்கு

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் டீலர் சொல்லும் விலையையும் உங்கள் ஊர் வாடகையையும் போட்டுப் பாருங்கள்.

42 ஹெச்பி டிராக்டர் 7 லட்சம், ரோட்டவேட்டர், கலப்பை, கேஜ் வீல் சேர்த்து 2 லட்சம், ஆக 9 லட்சம் என்று வைப்போம். பத்து வருடம் கழித்துப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90,000 ரூபாய் தேறும் என்று வைத்தால், தேய்மானம் வருடத்துக்கு 81,000 ரூபாய். வட்டிக்கு, வாங்கிய விலையையும் கடைசி விலையையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். அது 4,95,000. அதற்குப் பத்து சதவீதம் 49,500. இன்சூரன்ஸ், கொட்டகை வகையில் விலையில் இரண்டு சதவீதம் 18,000. மொத்தம் 1,48,500 ரூபாய். சாவியைத் தொடாமலே வருடாவருடம் போகிற பணம் இது.

ஓடினால் ஆகும் செலவு தனி. மணிக்கு 4 லிட்டர் டீசல், டிரைவர் கூலி, ஆயில், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 550 ரூபாய் என்று வைக்கிறேன். வெளி வாடகை டிரைவரோடு மணிக்கு 1,200 என்றால், சொந்த வண்டி ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 650 ரூபாய் மிச்சம். 1,48,500-ஐ 650-ஆல் வகுத்தால் 228 மணி. ஏக்கருக்கு இரண்டு பட்டத்துக்கும் 12 மணி என்பதால், 19 ஏக்கர் இருந்தால்தான் சொந்த வண்டியும் வாடகையும் சமமாகும். எங்கள் 60 மணிக்குச் சொந்த வண்டி என்றால் மணிக்கு 3,025 ரூபாய் விழும். இந்தத் தாளை மச்சானிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, வெளிய வாடகைக்கு ஓட்டுவோம்" என்றான்.

ஓட்டலாம், தப்பில்லை. ஆனால் வாடகைக்கு ஆள் கேட்கிற வாரமும் நம் கழனிக்குத் தேவைப்படுகிற வாரமும் ஒன்றுதான். ஊரே ஒரே மழைக்குத்தான் காத்திருக்கும். நம்முடையதைக் கடைசியாக உழ மனசு வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது டிரைவர். மணலியில் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் போய் ராத்திரி உழுகிறேன் என்பதெல்லாம் இரண்டு நாளைக்குத்தான்.

மூன்றாம் படி: எந்த வேலை டிராக்டருக்கு, எந்த வேலை தனி மெஷினுக்கு

ஒரே டிராக்டரில் பல கருவி என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அது எங்கே நிற்கும், எங்கே வழுக்கும் என்பதும் புரியும். பழைய டிராக்டர்கள் மாட்டைப் போலக் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை கல்லில் மாட்டினால் வண்டி முன்பக்கம் தூக்கி, மல்லாந்து விழும். ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் பின்பக்கம் மூன்று முனையில் கருவியை மாட்டி, அதை ஹைட்ராலிக்கால் தூக்கும் முறையைக் கொண்டுவந்தார். மண் எவ்வளவு இழுவை கொடுக்கிறதோ அந்தப் பாரம் பின்சக்கரத்தை அழுத்தும், அதனால் எடை குறைந்த வண்டியே கனமான வேலை செய்யும். இழுவை மீறினால் கலப்பை தானாகக் கொஞ்சம் மேலே வரும். மாஸி ஃபெர்குசன் என்ற பெயரில் பாதி அவருடையது. அந்த டிராக்டர்களை நம் பெரம்பூர் பக்கத்துச் செம்பியத்தில் டாஃபே கம்பெனி செய்தது. டாஃபே தொடங்கியது 1960-இல், இன்ஜின் செய்தது பக்கத்திலேயே இருந்த சிம்சன் கம்பெனி. பெரம்பூர்க்காரர்களில் பல பேருக்குத் தாத்தாவோ சித்தப்பாவோ அந்த கேட்டுக்குள் போய் வந்தவராக இருப்பார், ஆனால் டிராக்டரில் உட்கார்ந்து கழனி உழுதிருக்க மாட்டார்.

ஃபெர்குசனின் உபாயம் காய்ந்த நிலத்தில் அற்புதம். உழவு, கட்டி உடைப்பது, பார் போடுவது, டிரெய்லர் இழுப்பது, பிடிஓ (இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்க ஷாஃப்ட்) மூலம் சுற்றும் ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டும் மெஷின் எல்லாவற்றுக்கும் டிராக்டர்தான் சரி. சேற்றில் கதை மாறும். இரண்டு டன் பக்கம் வரும் வண்டி, குறுகலான நான்கு டயரில் நிற்கிறது. கேஜ் வீல் மாட்டினால் மிதக்கும். ஆனால் விளைந்த நெல்லுக்குள் அதை விட முடியாது.

அதனால்தான் அறுவடைக்குச் செயின் வண்டி. ரப்பர் செயின் தரையில் பரந்து படிவதால் பாரம் பிரிந்து, ஈரக் கழனியிலும் புதையாமல் போகும். டயர் வண்டி காய்ந்த நிலத்தில் வேகமாக அறுக்கும், ஆனால் ஈரத்தில் அது விட்டுப்போகும் பள்ளத் தடத்தை அடுத்த பட்டத்தில் நீங்கள்தான் சமப்படுத்த வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழை பிந்திப் பெய்த வருடங்களில் செயின் வண்டி தவிர வேறு யோசிக்காதீர்கள். அறுவடை மெஷினைச் சொந்தமாக வாங்குவது பற்றி இந்த அளவு நிலத்துக்குப் பேசவே வேண்டாம். வருடத்தில் ஒன்றிரண்டு நாள் வேலை அது.

நடவு மெஷினும் அப்படித்தான். அதற்கு மெஷினைவிட நாற்றுதான் முக்கியம். பாய்போலச் சுருட்டி எடுக்கும் நாற்றங்கால் போட்டு, 15-லிருந்து 18 நாளுக்குள் எடுத்து நட வேண்டும். பரம்பு சரியாக அடிக்காத கழனியில் நடவு மெஷின் தடுமாறும். எனவே மெஷினையும் நாற்றையும் சேர்த்துக் கொடுக்கிறவரிடம் பேசுவதே புத்திசாலித்தனம்.

வரப்பு சீர் செய்ய, குளம் வெட்ட, கருவேல மரத்தை வேரோடு பிடுங்க ஜேசிபி. மணிக்கணக்கில் கூப்பிடுங்கள். டிராக்டர் முன்னால் லோடர் மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், முன் அச்சு தாங்குமா, பவர் ஸ்டீயரிங் இருக்கிறதா என்று கேளுங்கள். உழவுக்கென்று செய்த சாதாரண டூ வீல் டிரைவில் தினமும் மண் அள்ளினால் முன்பக்கம் சீக்கிரம் போய்விடும். மருந்தடிக்க இப்போது டிரோன் வருகிறது, அதையும் வாடகைக்கே.

வைக்கோலுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. செயின் வண்டி அறுத்தால் வைக்கோல் கழனி முழுக்கச் சிதறிக் கிடக்கும். முன்போல ஆள் விட்டுக் கட்ட முடியாது. மாதவரம், செங்குன்றம் பக்கம் இன்னும் மாடு வைத்திருப்பவர்கள் இருப்பதால் உருளைக் கட்டுக்கு வாங்க ஆள் உண்டு. டிராக்டர் வாங்குவதென்றே முடிவெடுத்தால், அதை வருடத்தில் கூடுதலாக ஓட்டச் செய்யும் கருவி இதுதான் என்பது என் கணிப்பு. ஏனென்றால் கட்டும் நாட்கள் பெரும்பாலும் உழவு வேலை குறைந்த நாட்கள். அந்தத் தை மாத முட்டலைத் தவிர.

நான்காம் படி: வாங்குவதானால் எந்த அளவு

நான் கெட்டது இங்கேதான். தெரிந்தவர் ஒருவர் விற்ற பழைய 35 ஹெச்பி வண்டியையும் ஆறடி ரோட்டவேட்டரையும் சேர்த்து எடுத்து, ஒரு பட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருந்தேன். "தாராளமா இழுக்கும் சார்" என்றார். இரண்டாவது வாரமே கிளட்ச் கருகியது. இன்ஜின் ஹெச்பி வேறு, பிடிஓவில் கிடைக்கும் ஹெச்பி வேறு. இன்ஜினில் சொல்வதில் ஏறத்தாழ 85 சதவீதம்தான் பிடிஓவுக்கு வரும். 42 என்றால் 36-க்குக் கொஞ்சம் குறைவு. நம் களிமண்ணுக்கு அதில் ஐந்தடி ரோட்டவேட்டர் சரி. ஆறடி வேண்டுமென்றால் வண்டியும் 50-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

50 ஹெச்பிக்கு மேலே போகும்போது இன்னொரு கணக்கு. 2023 ஜனவரியிலிருந்து அந்த வகைக்கு டிரெம் நான்கு என்ற புகை விதி வந்துவிட்டது. இன்ஜினில் மின்னணுக் கருவிகள் கூடி, விலையும் ஏறும், ரிப்பேருக்குக் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். நம் அளவுக்கு அது தேவையில்லை.

பெரிய கருவி வாங்கினால் சீக்கிரம் முடியும் என்பதும் முழு உண்மை இல்லை. ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர் ரோட்டவேட்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஏட்டுக் கணக்கில் மணிக்கு 111 சென்ட் ஒரு முறை உழலாம். ஆனால் கழனி சின்னச் சின்னத் துண்டாக, நடுவில் வரப்பாக இருந்தால் திரும்புவதிலேயே மூன்றில் ஒரு பங்கு நேரம் போகும். எனக்கு 70 சென்டைத் தாண்டியதில்லை. உங்கள் கழனி முப்பது சென்ட் துண்டுகளாக இருந்தால், வண்டி எந்த அளவு என்பதைவிட எவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்புகிறது என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும். இரண்டு துண்டை ஒன்றாக்க முடியுமா என்றும் யோசியுங்கள். ஒரு வரப்பை எடுப்பது சில சமயம் ஒரு லட்சத்தை மிச்சப்படுத்தும்.

கூடவே கேட்க வேண்டியது இரட்டை கிளட்ச். ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் பிடிஓவும் நின்றுவிடும். வைக்கோல் கட்டும்போது, வண்டி நிற்க வேண்டும், மெஷின் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரோட்டவேட்டர் மட்டும்தான் என்றால் ஒற்றையே போதும்.

டீலர் கொடுக்கும் வண்ணத் தாளைவிட மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையத்தின் அறிக்கை மேல். பிடிஓவில் உண்மையில் எவ்வளவு சக்தி கிடைத்தது, எவ்வளவு டீசல் குடித்தது எல்லாம் அதில் எண்ணாக இருக்கும். உங்கள் மாடலுக்கான அறிக்கையைக் கேளுங்கள். டீலர் முகம் மாறினாலும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பவர் டில்லரும் குட்டி டிராக்டரும்

பவர் டில்லர் எனக்குப் பிடித்த மெஷின், அதனால் கொஞ்சம் பாரபட்சமாகவே சொல்கிறேன். 12-லிருந்து 16 ஹெச்பி வரை கிடைக்கிறது. சின்னத் துண்டில் மூலைவரை போகும், வரப்பை உடைக்காது, சேற்றில் புதையாது. 60 சென்டிமீட்டர் அகலம் உழுவதால், ஒரு ஏக்கரை ஒரு முறை உழ 6.7 கிலோமீட்டர் அதன் பின்னால் நடக்க வேண்டும். சேற்றில். ஐந்து ஏக்கரை இரண்டு முறை அடித்தால் 67 கிலோமீட்டர். ஐம்பது வயது முழங்காலுக்கு இது தோது இல்லை. நான் வாங்காததற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு ஏக்கர், காய்கறி, சொந்தமாக ஓட்டும் இளவட்டம் வீட்டில் இருந்தால் இதைவிட நல்ல முதலீடு இல்லை.

20-லிருந்து 27 ஹெச்பி வரை உள்ள ஃபோர் வீல் டிரைவ் குட்டி டிராக்டர் இரண்டுக்கும் நடுவில். மரம் வைத்த தோப்பு, மல்லி, காய்கறிக்கு நல்லது. நெல்லுக்கு மட்டும் என்றால் மெதுவாக இருக்கும்.

ஆறாம் படி: வாடகையை ஒழுங்காகப் பிடிப்பது

எங்கள் முடிவு கடைசியில் இதுதான்: டிராக்டர் வாங்கவில்லை. களை மெஷினும் கைத்தெளிப்பானும் சொந்தம், மற்றது எல்லாம் வாடகை. இதைச் சொல்லும்போது மச்சான் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், ஜேசிபி, அறுவடை மெஷின் எல்லாவற்றையும் மணி வாடகைக்குக் கொடுக்கிறது. அரசின் உழவன் செயலியில் இ-வாடகை என்ற பகுதி வழியாகப் பதியலாம். வாடகை குறைவு, வரிசை நீளம். ஆகவே நாற்று விடும் அன்றே பதிந்துவிடுங்கள், சேறு தயாரான பிறகு போனால் கிடைக்காது. தனியார் வண்டிக்காரரிடம் பருவம் தொடங்கும் முன்பே ஏக்கர் எண்ணிக்கையைச் சொல்லி, ஒரு பகுதி முன்பணம் கொடுத்து நாள் வாங்குங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினால் அவசரமாக மேலோட்டமாக ஓட்டுவார், மணிக்கு இவ்வளவு என்று பேசினால் மெதுவாக ஓட்டுவார். நான் உழவை மணிக்கும் அறுவடையை ஏக்கருக்கும் பேசுகிறேன். அறுவடையில் வண்டி வேகம் நெல் சாய்ந்திருப்பதைப் பொறுத்தது, அந்த நஷ்டத்தை மணிக்கணக்கில் என் தலையில் ஏற்ற விருப்பமில்லை.

பக்கத்துக் கழனிக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து 20 ஏக்கர் ஆகிறதென்றால் இரண்டாம் படியின் கணக்கு மாறிவிடும். அப்போது ஒரு டிராக்டர் நியாயம். யாருக்கு முதல் நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கி எழுதி வைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஏழாம் படி: மானியமும் காகிதமும்

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம், ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் உச்சவரம்போடு. இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. அதற்கான சான்றைத் தாசில்தார் அலுவலகத்தில் முதலில் வாங்கிவிடுங்கள். முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அப்புறம்தான் பில். முன்னால் வாங்கிவிட்டு ரசீதைக் கொண்டுபோய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய கொட்டேஷன் கையில் இருந்தால் புதிதாக வாங்குங்கள். விவசாயத்துக்கென்று பதிந்த வண்டியில் செங்கல், ஜல்லி லோடு அடிக்கலாம் என்ற திட்டம் இருந்தால், பதிவும் இன்சூரன்ஸும் அதற்குப் பொருந்துமா என்று ஆர்டிஓவில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். விபத்து நடந்த பிறகு அந்தக் கேள்வி மிகவும் விலை கூடியது.

எட்டாம் படி: கழனியில் ஓட்டிப் பார்ப்பது

ஷோரூம் வாசல் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். டெமோ கேளுங்கள், உங்கள் கழனிக்கே வரச் சொல்லுங்கள். ரோட்டவேட்டரை முழு ஆழத்துக்கு இறக்கி ஏற்றமான பக்கம் ஓட்டச் சொல்லி, புகையையும் இன்ஜின் சத்தத்தையும் கவனியுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் டேங்கை விளிம்புவரை நிரப்பினால் டீசல் கணக்கு உங்கள் கண் முன்னாலேயே வந்துவிடும். பிறகு கருவியைக் கழற்றி வேறொன்றை மாட்டச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள்.

ஓட்டப் போகிறவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவருக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. லுங்கியோ துண்டோ சிக்கினால் சாவியை எட்டுவதற்கு நேரம் இருக்காது, எனவே மூடி இல்லாத ஷாஃப்ட்டோடு ஒரு நாளும் ஓட்டக் கூடாது. சேற்றில் மாட்டிய இன்னொரு வண்டியை இழுக்கும்போது சங்கிலியைப் பின்பக்கம் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில்தான் போட வேண்டும். மேலே உள்ள முனையில் கட்டினால் முன்சக்கரம் தூக்கி, கண் இமைப்பதற்குள் வண்டி டிரைவர் மேலேயே மல்லாந்துவிடும். ஃபெர்குசன் தீர்த்த பழைய பிரச்சினையை நாம் ஒரு சங்கிலியால் திரும்பக் கொண்டுவருகிறோம்.

கடல் பக்கத்துக் கழனி என்றால் இன்னொரு வேலையும் உண்டு. மீஞ்சூர் சுற்றுவட்டத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்தத் தண்ணீரில் சேறு அடித்த கேஜ் வீலையும் ரோட்டவேட்டர் பிளேடையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, பழைய இன்ஜின் ஆயில் தடவி வையுங்கள். புது வண்டிக்கு முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணியில் வரும். எங்கள் 60 மணிக் கணக்கில் பார்த்தால் அது ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, எனவே மணி ஆகவில்லை என்று காத்திருக்காமல் மாதக் கணக்கில் எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பதையும் டெலிவரி எடுக்கும் அன்றே மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.